பெலிகன் தாள்

பச்சைத் தாளில் நகலெடுத்த பெலிகன்களை
ஞாயிறு இரவு முழுக்கக் கத்தரிக்கிறாள் ஹிமேனா.
மணிக்கு முன் வந்தால் ஒன்று.
வீட்டுப்பாடம் முடித்தால் இரண்டு.
வாய்ப்பாடு பிசகாமல் சொன்னால் மூன்று.
வெள்ளிக்கிழமை அலமாரி திறக்கும்:
அழிப்பான், பம்பரம், மினுக்கும் பேனா,
மேல்தட்டில், நாற்பது பெலிகனுக்கு, ஒரு கால்பந்து.

தலைநகரத்து அறக்கட்டளை அனுப்பியது
மூன்று பெட்டிப் பரிசும் ஒரு கையேடும்.
'பின்தங்கிய பள்ளிகளில் ஊக்கம்.'
அட்டைப்படத்துப் பிள்ளைகளுக்கு
எல்லாப் பல்லும் இருந்தன.

லோத்தா.
கடலுக்கு அடியில் போய்க் கரி வெட்டிய ஊர்.
சுரங்கம் மூடிக் காலமாயிற்று;
அலை ஒதுக்கும் கரியை இன்னும்
சல்லடையில் அள்ளுகிறார்கள் சிலர்.
அவர்கள் பிள்ளைகள்தாம் ஐந்தாம் வகுப்பு.
ஆசிரியையை அங்கே 'தீயா' என்பார்கள்;
அத்தை என்று அர்த்தம்.
ஈரக் கம்பளியோடு
தீயா, தீயா என்று அவர்கள் மொய்க்கும்போது
குளிர் கொஞ்சம் விலகத்தான் செய்கிறது.

முதல் மாதம் பலித்தது.
அதை மறைக்கக் கூடாது.
மேசையில் கன்னம் வைத்தே உறங்கும் மைக்கோல்
ஏழாம் வாய்ப்பாட்டை எட்டிப் பிடித்தான்.

இரண்டாம் மாதம்
யெசேனியா வட்டிக்கு விடத் தொடங்கினாள்:
இன்று ஒன்று, வெள்ளியன்று இரண்டு.
பஸ்தியான் கள்ளத்தாள் வரைந்தான்.
அவனுடைய பெலிகனுக்குத்தான்
தொண்டைப் பை சரியாக இருந்தது.
கண்டிக்க அழைத்தவள்
வாங்கி வைத்துக்கொண்டாள், எதுவும் சொல்லாமல்.

பிறகு எட்டு நாள் மழை.
மேட்டுக் குடியிருப்புச் சாலை சரிந்தது.
ஒரு மணி நேரம் சேற்றில் நடந்து வந்தவர்களுக்குப்
பூஜ்யம்.
பள்ளிக்கு எதிர்வீட்டு மார்த்தினுக்கு
எட்டுநாள் எட்டு பெலிகன்.
கையேட்டில் மழை பற்றி ஒரு வரியும் இல்லை.

ஒன்பதாம் நாள் மைக்கோல்
முட்டிவரைச் சேறோடு வந்து
மேசைமேல் ஒன்றை வைத்தான்.
பித்தளை வில்லை. நடுவில் ஓட்டை.
ஒழுகலுக்கு வாளி வைக்கத் தரைப்பலகையைப் பெயர்த்தபோது
அடியில் கிடந்ததாம்.
"தீயா, இதுக்கு என்ன குடுப்பீங்க?"

திருப்பிப் பார்த்தாள்.
கம்பெனியின் பெயர் பாதி தேய்ந்திருந்தது.
அந்தக் காலத்துக் கூலி அது,
காசல்ல:
கம்பெனிக் கடையில் மட்டும் செல்லும்,
கம்பெனி சொன்ன விலைக்கு.
வெளியே ஒரு ரொட்டித்துண்டுகூட வாங்காது.
சொல்லிக்கொண்டே வந்தவள்
பாதியில் நிறுத்தினாள்.
அவள் கையருகே பச்சைக் கட்டு,
ரப்பர் வளையம் போட்டு.

யாரோ கேட்டார்கள், மாவு என்ன விலை?
ஒரு நாளைக்கு எத்தனை வில்லை?
தெரியாது, நாமே வைத்துக்கொள்வோம் என்றாள்.
ஒரு நாளுக்கு மூன்று, மூட்டைக்கு இருபத்தாறு;
வாடகை போக, விளக்கெண்ணெய் போக,
போட்டுப் பார்த்தார்கள்.
மூட்டை வரும்முன் மாவு தீர்ந்துபோனது.
மறுபடி போட்டார்கள். மறுபடியும் தீர்ந்தது.
"கணக்கு தப்பு" என்றாள் யெசேனியா.
"கணக்கு சரிதான்" என்றான் மைக்கோல்.
மணி அடித்தது யார் காதிலும் ஏறவில்லை.

அலமாரியைத் திறந்து,
பந்து வேண்டுமா என்றாள் ஹிமேனா.
வெகுநேரம் பார்த்தான்.
"அவ்வளவு பெறுமா இது?
அப்ப நானே வெச்சுக்கிறேன்."

மாத அறிக்கையில்
அன்றைய பாடத்துக்குக் கட்டம் இல்லை.
'வழங்கப்பட்டவை: 0' என்று நிரப்பினாள்.
திங்களன்று மைக்கோல் வரவில்லை.
செவ்வாயும்.

வெள்ளிக்கிழமை வழக்கம்போல் வரிசை.
தள்ளுமுள்ளு, பம்பரத்துக்குச் சண்டை.
எண்ணி வாங்கிய பச்சைத் தாள்களை
விளக்கடியில் பிடித்தாள்:
ஒவ்வொரு பெலிகனுக்கும் நடுவயிற்றில்,
பென்சில் முனையால் குத்திய
ஒரு வட்ட ஓட்டை.